555 மி.மீ. உயரத்துக்கு ஒரு சாய்தளம்: இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிய வேலையின் முழு விவரம்

வாசலில் மூன்று படி இருக்கும் ஒரு தனி வீடு. உள்ளே இருப்பவர் 70 கிலோ எடை. 18 கிலோ சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிச் செல்பவர். படிக்கட்டின் மேலேயே செங்கல்லும் சிமெண்டும் போட்டு நேராக இறக்கிய ஒரு சாய்தளம் ஏற்கெனவே இருந்தது. ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். இதில் வரும் பிழைகள் பல வேலைகளில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பவை. அவற்றை ஒரே வீட்டில் வைத்து, அளவுகளோடு எழுதியிருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் வாசலுக்குக் கணக்குப் போடுகிறவர் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பழைய சாய்தளம் ஏன் ஆபத்தானது

கொத்தனார் படியின் உயரத்தை அளந்து, 160 மி.மீ. வீதம் மூன்று படி, மொத்தம் 480 என்று எடுத்துக்கொண்டார். படிகள் ஒரே உயரத்தில் இல்லை: 160, 165, 170. ஆகவே படியடியிலிருந்து வீட்டுத் தரைமட்டம் வரை 495. இது சின்னப் பிழை. பெரிய பிழை வேறு. சாய்தளம் முடிவது படியடியில் அல்ல, அதிலிருந்து 3 மீட்டருக்கும் மேல் தள்ளி. மழைநீர் ஓட வேண்டுமே என்று முற்றத்தை வெளிப்பக்கம் சரித்திருப்பார்கள். இங்கே அந்தச் சரிவு 75 மி.மீ. ஆக உண்மையான உயரம் 570. சாய்தளத்தின் நீளம் 3.6 மீ. 1:7.5 (ஒரு பங்கு உயரத்துக்கு 7.5 பங்கு நீளம்) என்று நினைத்தது 1:6.3 ஆக அமைந்துவிட்டது.

காகிதத்தில் இது சிறிய வித்தியாசம் போலத் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 88 கிலோ. 1:6.3 சரிவில் அது பின்னோக்கி உருளாமல் இருக்கவே 13.8 கிலோ விசை வேண்டும். சக்கரம் உருள்வதற்கான தடை இன்னும் ஒரு கிலோவுக்கு மேல். இவ்வளவையும் இரண்டு தோளும் விடாமல் தள்ள வேண்டும். கையைப் பின்னால் எடுத்து அடுத்த தள்ளலுக்குப் போகும் அரை நொடியில் நாற்காலி பின்னால் வரத் தொடங்கிவிடும்.

கவிழ்வது இன்னும் மோசமான கணக்கு. ஆளும் நாற்காலியும் சேர்ந்த எடைமையம் பின்சக்கர அச்சுக்கு முன்னால் 100 மி.மீ., தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சரிவும், தள்ளும்போது வேகம் கூடும் வீதமும் (புவியீர்ப்பின் பங்காக) சேர்ந்து 100/600, அதாவது 0.167 ஆனதும் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். 1:6.3 சரிவே 0.158-ஐத் தின்றுவிடுகிறது. மீதி 0.009. ஒரு வேகமான தள்ளல் போதும், நாற்காலி மல்லாந்துவிடும். அதே ஆள் 1:12-ல் இருந்தால் சரிவுக்கு 0.083 போக இன்னொரு 0.083 கையில் இருக்கும். முதுகில் பை மாட்டினாலோ, லேசாக ஓட வேண்டும் என்று அச்சை முன்னால் நகர்த்தி வைத்த நாற்காலியானாலோ அந்த 100 மி.மீ. இன்னும் குறையும். சரிவை வெறும் சிரமத்தின் அளவாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

சரிவைத் தவிரவும் குறைகள் இருந்தன. சாய்தளம் நிலைப்படியிலேயே போய் முட்டியது. கதவுக்கு முன் சமமான இடம் ஒரு சாண்கூட இல்லை. கதவோ வெளிப்பக்கம் திறப்பது. மேலே வந்தவர் சரிவில் நின்றபடி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். திறக்கிற கதவு அவரையே பின்னால் தள்ளும். நாற்காலி பின்னோக்கி உருண்டு ஓரத்தில் இறங்கியது இந்த இடத்தில்தான். ஓரத்தில் தடுப்புத் திண்டு இல்லை. இருந்திருந்தால் சக்கரம் அதில் இடித்து நின்றிருக்கும்.

மேற்பரப்பில் வழுக்காமல் இருக்கட்டும் என்று ஈரச் சிமெண்டில் கயிறு வைத்து அழுத்திக் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தார்கள். இரு சக்கர வண்டி ஏற்றும் சரிவுக்கு அது சரி, பெரிய டயர் அதைப் பொருட்படுத்தாது. நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, பெரும்பாலும் 125 முதல் 200 மி.மீ. விட்டம். ஒவ்வொரு கோட்டிலும் அது விழுந்து எழும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இந்த அதிர்வே கால் தசைகளை இழுத்துத் துடிக்கவைக்கும். துடிக்கும் பாதம் மிதிபலகையிலிருந்து நழுவும். கோடுகளுக்கு நடுவே இருந்த சிமெண்டை வேறு கரணையால் மழமழவென்று இழுத்துவிட்டதால், மழையில் அந்த இடமும் வழுக்கியது.

இத்தனை குறைகளுக்கும் ஒரே வேர்தான். ஏறுகிறவரின் கை சக்கரத்தை விட்டாக வேண்டிய இடங்கள் உண்டு: கதவைத் திறக்க, திரும்ப, மூச்சு வாங்க, சாவி எடுக்க. அந்த இடங்களில் எல்லாம் தரை சமமாக இருக்க வேண்டும். புதிய வடிவமைப்பை அங்கிருந்துதான் தொடங்கினோம். சமதளங்கள் முதலில், சரிவு மிச்ச இடத்தில்.

அளவெடுப்பு

இதற்கு ரசமட்டம் போதாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வேண்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் 20, 30 மி.மீ. வரை பொய் சொல்லும். ஒரு முனை வீட்டின் முடிந்த தரைமட்டத்தில், மறுமுனை சாய்தளத்தின் அடி வரப்போகும் இடத்தில். சிக்கல் என்னவென்றால் அடி எங்கே வரும் என்பது உயரம் தெரிந்தால்தான் தெரியும். ஆகவே முற்றத்தில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து எல்லா இடத்திலும் உயரம் குறித்துக்கொள்ளுங்கள். அடி எங்கே நகர்ந்தாலும் எண் கையில் இருக்கும்.

நாற்காலியையும் அளக்க வேண்டும். கைவளையத்தோடு அகலம் 640, மிதிபலகையில் பாதம் வைத்த நிலையில் நீளம் 1,150. கதவு 90 பாகை திறந்தபோது கிடைக்கும் இடைவெளி 830, இது போதும்.

முற்றம் வீட்டுச் சுவரிலிருந்து மதில் வரை 5.4 மீ. கதவு இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கமாக, கதவின் இட ஓரத்திலிருந்து 8 மீ. கிடைக்கிறது. நேராக இறக்க வழியே இல்லை: மேலே 1.8, கீழே 1.5 மீ. சமதளம் போனால் சரிவுக்கு 2.1 மீ.தான் மிஞ்சும். அதனால் சுவரை ஒட்டிப் போய், திரும்பி வரும் இரட்டை ஓட்டம்.

வடிவமைப்பு

புதிய அடி வரும் புள்ளியில் உயரம் 555. வாசல் மேடை வீட்டுத் தரையைவிட 10 மி.மீ. தாழ்வு, மழைநீர் உள்ளே வராமல் இருக்க. அந்த 10 மி.மீ. விளிம்பைச் சரிவாகச் செதுக்கிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கட்டடங்களில் எளிதாகப் புழங்குவதற்கான அமெரிக்காவின் 2010 ஏடிஏ தரம் செங்குத்தான விளிம்புக்கு 6 மி.மீ. வரைதான் இடம் தருகிறது. அதற்கு மேல் 13 வரை 1:2 சரிவு வெட்ட வேண்டும். முன்சக்கரத்தை உருட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் ஏன் அவ்வளவு சிறியது என்று புரியும்.

மீதி 545. 1:12 என்றால் 6.54 மீ. ஆனால் 1:12 என்பது எல்லை. அதைக் குறியாக வைத்துக் கட்டக் கூடாது. பூச்சில் அங்கங்கே சில மி.மீ. ஏறி இறங்கும். வரைபடத்தில் 1:12 போட்டால் தளத்தில் பாதி இடம் 1:11 ஆகிவிடும். அதனால் 1:13 என்று வைத்து 7.09 மீ. எடுத்தோம். இடம் இருக்கிறவர்கள் 1:16, 1:20 வரை போகலாம், தோள்கள் நன்றி சொல்லும். இங்கே இடம் அவ்வளவுதான்.

மேல் ஓட்டம் 4.59 மீ. (353 மி.மீ. இறக்கம்), கீழ் ஓட்டம் 2.5 மீ. (192 மி.மீ.). இரண்டையும் சமமாகப் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கீழ் ஓட்டம் வாசல் மேடைக்கு அருகிலேயே வந்து முடியும். அடியில் திரும்ப இடம் இருக்காது. 2.5 மீட்டரில் நிறுத்தினால் மேடைக்கும் அடிக்கும் நடுவே 2.1 மீ. சமதரை கிடைக்கிறது. ஒரே ஓட்டத்தில் 760 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது என்பது அதே ஏடிஏ தரத்தின் வரம்பு. நம் 353 அதில் பாதிக்கும் குறைவு.

இரண்டு ஓட்டமும் சேரும் நடு மேடை 1.5 × 2.5 மீ. இரண்டு ஓட்டமும் வெளி அளவில் 1.2 மீ. அகலம், இடையில் 100 மி.மீ. வடிகால். ஓரங்களில் 75 மி.மீ. அகலத் திண்டும் கைப்பிடிக் கம்பியும் போக, உள்ளே சுத்தமாக 1 மீட்டர்.

வாசல் மேடை 1.8 × 1.8. கதவை உள்பக்கம் திறப்பதாக மாற்றி மாட்டினோம். நிலையை அசைக்காமல், கீலை மாற்றினாலே பல கதவுகளில் இது முடியும். இருந்தாலும் மேடையைச் சுருக்கவில்லை. பூட்டுப் பக்கம் 450 மி.மீ. காலி இடம் இருந்தால்தான் நாற்காலியைக் கதவுக்குப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடியை எட்ட முடியும். நடந்து வருபவர்களுக்குப் படி வேண்டும். மேடையின் முன்னோரத்தில் இடக்கோடியில் 900 மி.மீ. மட்டும் படிக்குத் திறந்துவிட்டு, மீதியைக் கம்பியால் அடைத்தாயிற்று. முழு அகலத்துக்கும் படி வைத்தால், திரும்பும்போது பின்சக்கரம் படியில் இறங்கிவிடும்.

மேடைகளின் வடிகால் சரிவு 1:100, வெளிப்பக்கமாக. இதற்கும் காரணம் உண்டு. நல்ல கான்கிரீட்டில் நாற்காலி உருள எடையில் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு விசை தேவை. 1:100-ல் பிரேக் போடாத நாற்காலி பெரும்பாலும் நிற்கும். 1:50-ல் மெல்ல நகரத் தொடங்கும். நடு மேடையின் இந்தச் சரிவே தளத்தை 20 மி.மீ. அளவுக்கு இறக்கிவிடுவதால், கீழ் ஓட்டம் கணக்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் மிருதுவாகவே வரும்.

கட்டத் தொடங்கும் முன் முழு அளவையும் முற்றத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, நாற்காலியில் அவரையே உட்காரவைத்து மேடைகளில் திரும்பச் சொன்னோம். அரை மணி நேர வேலை. இதைத் தவிர்க்கவே கூடாது.

கட்டுமானம்

பழையதை முழுவதும் இடித்து எடுத்தாயிற்று. அதன் மேலேயே புதிது போடலாமே என்ற யோசனை எப்போதும் வரும். பழைய மண்நிரப்பு அடங்காமல் இருந்தால் புதிய தளமும் அதோடு சேர்ந்து விரிசல் விடும்.

ஓரச் சுவர்களுக்கு 300 மி.மீ. ஆழம் தோண்டி, 100 மி.மீ. 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் படுகை, மேலே 230 மி.மீ. செங்கல் சுவர். உள்ளே கிராவல் நிரப்பு. இந்த நிரப்பில்தான் பெரும்பாலான சாய்தளங்கள் கெடுகின்றன. ஒரே நாளில் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி, மறுநாள் கான்கிரீட் போட்டால் ஆறு மாதத்தில் நடுவில் குழி விழும். 150 மி.மீ. அடுக்கு, தண்ணீர், திமிசுக் கட்டை. குதிகாலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இடித்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. இடித்த கட்டடக் கழிவில் மரத்துண்டும் களிமண்ணும் இருந்தால் அதை நிரப்பாதீர்கள்.

மேல் ஓட்டம் வீட்டுச் சுவரை ஒட்டி வருகிறது. மண்ணைச் சுவரில் சாய்த்தால் ஈரம் உள்ளறைச் சுவரில் ஏறும். சுவரில் இரண்டு கை நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் 12 மி.மீ. தார் அட்டை, முடிவில் மேல்விளிம்பில் சீலண்ட். தார் அட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு: வீடும் சாய்தளமும் தனித்தனியாக அசைய இடம் தருகிறது.

மேல் தளம் 100 மி.மீ. எம் 20 தரக் கான்கிரீட், 8 மி.மீ. கம்பி இரு திசையிலும் 200 மி.மீ. இடைவெளியில். மொத்தப் பரப்பு 15.5 சதுர மீட்டர், கான்கிரீட் 1.55 கன மீட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 13. கம்பி, ஒட்டுச் சேர்த்து, ஏறத்தாழ 65 கிலோ. சரிவில் போடும் கலவை இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை கீழ்நோக்கி வழிந்து, மேல்பகுதி மெலிந்து, அடியில் வயிறு தள்ளிவிடும்.

அடியில் வரும் முனையை அருகில் இருந்து பார்க்க வேண்டும். வழக்கமாக அதைக் கத்தி முனை போலப் பூஜ்யத்துக்கு இழைத்து விடுவார்கள். பூசிய அன்று மிக அழகாக இருக்கும். ஐந்து மி.மீ. தடிமன் சிமெண்ட் எந்தச் சுமையையும் தாங்காது. சில மாதங்களில் துண்டு துண்டாகப் பெயர்ந்து, 20 மி.மீ. உதடு ஒன்று நிற்கும். இறங்கி வருகிறவரின் முன்சக்கரம் அதற்குக் கீழே தொப்பென்று விழும், ஏறுகிறவருக்கு அதுவே சுவர். அதனால் அடியில் தரையை 150 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, தளத்தை அதே 100 மி.மீ. தடிமனோடு பள்ளத்துக்குள் இறக்கி, மேல்மட்டத்தைச் சுற்றுத் தரையோடு சேர்த்து முடிக்க வேண்டும். அடிக்கு முன்னால் உள்ள தரை சாய்தளத்தை நோக்கி இறங்கினால் அந்த எதிர்ச் சரிவு 1:20-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிதிபலகை குத்தி நிற்கும்.

சரிவைச் சோதிக்க ஒரு மட்டப் பலகை செய்துகொள்ளுங்கள். நேரான 600 மி.மீ. பலகை, ஒரு முனையின் அடியில் 46 மி.மீ. கட்டை, மேலே ரசமட்டம். கட்டை இறக்கத்தின் பக்கம் இருக்க, குமிழி நடுவில் நின்றால் அந்த 600 மி.மீ. சரியாக 1:13. கட்டையை 50 ஆக்கினால் 1:12. கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு 600 மி.மீ.யிலும் வைத்துப் பாருங்கள். இந்த வேலையில் மேல் ஓட்டத்தின் உச்சியில் 54 வந்தது, அதாவது 1:11. கீழிருந்து இழுத்து வந்த மட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை, கடைசி அரை மீட்டரில் ஈடுகட்டிவிட்டார்கள். முழு நீளத்தின் சராசரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் களைத்த கை போய்ச் சேரும் இடம் அதுதான். ஈரத்திலேயே சுரண்டி, மேலே ஒன்றரை மீட்டரைத் திரும்ப மட்டம் பிடித்தாயிற்று. மறுநாள் பார்த்திருந்தால் உடைத்திருக்க வேண்டும்.

மேற்பரப்பு: மட்டக்கட்டையால் தேய்த்து, பளபளப்புத் தண்ணீர் மேலிருந்து மறைந்ததும், கடினமான துடைப்பத்தால் சரிவுக்குக் குறுக்காக ஒரே இழுப்பு. கோடு ஒன்றிரண்டு மி.மீ. ஆழம் போதும். டைல்ஸ் வேண்டாம். இரு பக்கத் திண்டும் 100 மி.மீ. உயரம், தண்ணீர் போக மீட்டருக்கு ஒரு 50 மி.மீ. துவாரம். பத்து நாள் ஈரச்சாக்கு, பதினான்காம் நாளுக்குப் பிறகே சக்கரம்.

கைப்பிடிக் கம்பி

40 மி.மீ. வெளிவிட்டக் குழாய், இரண்டு மட்டம்: 900 மற்றும் 700 மி.மீ., தளத்திலிருந்து செங்குத்தாக. மேல்கம்பி நடப்பவருக்கு, கீழ்க்கம்பி உட்கார்ந்திருப்பவர் இழுத்து ஏற. ஒரு மட்டத்துக்கு 23 மீட்டர், தூண்கள் 1.2 மீட்டருக்கு ஒன்று. 6 மீ. குழாய் பன்னிரண்டு போதுமானது.

தூணை 75 மி.மீ. திண்டின் மேல் தகடு வைத்து போல்ட் அடிப்பது வழக்கமான தவறு. போல்ட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே 30 மி.மீ.தான் இருக்கும்; ஒருவர் சாய்ந்து இழுத்தால் திண்டின் மூலை போல்ட்டோடு பெயர்ந்து வரும். சுவர் கட்டும்போதே 150 × 150 × 200 குழி விட்டு, தூணை அதில் நிறுத்திக் கான்கிரீட் அடைத்துவிட வேண்டும். சுவரோரத்தில் கம்பிக்கும் சுவருக்கும் 50 மி.மீ. இடைவெளி, விரல் முட்டாமல். அடியில் கம்பி 300 மி.மீ. சமதரை மேல் நீண்டு, கீழே வளைந்து முடிய வேண்டும். வெட்டிய முனை சட்டைக் கையையும் பையையும் மாட்டி இழுக்கும். நடுத் திருப்பத்தில் உள்கம்பி அறுபடாமல் தொடர வேண்டும். வெல்டிங் முடிச்சுகளை அரைத்த பிறகு கையுறை இல்லாமல் முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள்.

ஒப்படைக்கும் முன் பார்த்தவை

ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டி எங்கே தேங்குகிறது என்று பார்த்தோம். நடு மேடையின் உள்மூலையில் ஒரு கையகலம் தேங்கியது, துவாரத்தைக் கீழிறக்கியதும் சரியாயிற்று. ஒவ்வொரு தூணிலும் ஒரு பெரியவர் முழு எடையோடு தொங்கி இழுத்தார். மேடைகளில் பிரேக் இல்லாமல் நாற்காலியை விட்டு ஐந்து நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தாயிற்று. பிறகு அவர் ஏறினார், பின்னால் ஒருவர் கை படாமல் காவலாக. சரிவில் தாங்க வேண்டிய விசை 13.8 கிலோவிலிருந்து 6.7 கிலோவாகக் குறைந்திருக்கிறது. நடு மேடையில் நின்றார், திரும்பினார், மேலே போய்க் கதவைத் திறந்தார். கதவுப்பிடியை எட்டிய நேரத்தில் இரண்டு கையும் சக்கரத்தில் இல்லை, நாற்காலி அசையவில்லை.

பராமரிப்புக்கு மூன்று விஷயம்தான். மழைக்காலத்தில் சுவர் நிழல் விழும் மேல் ஓட்டத்தில் பாசி முதலில் வரும். பச்சை தெரிந்த அன்றே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நடு வடிகாலில் சருகு அடைத்தால் தண்ணீர் நிரப்புக்குள் இறங்கும், மாதம் ஒருமுறை வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமுனையில் நேர்பலகை வைத்து உதடு எழுந்திருக்கிறதா என்று அளந்து, 6 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் உடனே செதுக்கிச் சரிவாக்குங்கள்.